மாத்திரை டப்பா தேடிய சம்பந்திகள்

இங்கிலாந்துக்குப் போய் வந்தேன் என்றால் ஆம்பூரில் எல்லோரும் முதலில் லண்டனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். லண்டனை நான் விமான நிலையத்துக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன், அதுவும் மழையில். நான் போனது அந்த நாட்டின் கிழக்குக் கரையில், கடலை ஒட்டிய ஒரு சின்ன ஊருக்கு. போன காரியம் பேத்தியைப் பார்ப்பது. ஆனால் பேத்தியைப் பார்த்ததைவிட, யுத்த காலத்தில் கட்டி இப்போது தொலைந்துபோன கான்கிரீட் அறை ஒன்றைத் தேடி அலைந்ததுதான் அதிகம்.

என் மகன் கார்த்திக்கு அங்கே ஒரு கிடங்கில் வேலை. மருமகள் ஷீபா நர்ஸ். இருவருக்கும் காதல் கல்யாணம் என்பதால் கல்யாணத்தை இரண்டு தடவை நடத்தினோம். வேலூர் சர்ச்சில் நடந்தபோது எனக்கு முக்கியமான போன் ஒன்று வந்துவிட்டதால் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் நடந்தபோது ஷீபாவின் அப்பா தேவசகாயத்துக்கு முட்டிவலி வந்து, அவர் காரை விட்டு இறங்கவில்லை. ஆம்பூர் ரிசப்ஷனில் பிரியாணி போட்டபோது என் போனும் ஓய்ந்தது, அவர் முட்டியும் சரியானது. ஆனால் ஆளுக்கொரு பந்தியில் உட்கார்ந்தோம். அதன் பிறகு எங்கள் பேச்சுவார்த்தை எல்லாம் பிள்ளைகள் மூலமாகத்தான்.

அந்த தேவசகாயமும் நானும் ஒரே அறையில் தங்க வேண்டும் என்பது அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. வீடு அவ்வளவு சின்னது. அறையில் ரயில் பெர்த் மாதிரி மேலும் கீழுமாக ஒரு கட்டில். அவர் எனக்கு முந்தியே வந்து கீழ்ப் படுக்கையில் பைபிளை வைத்து இடம் பிடித்திருந்தார். என் மனைவி சரோஜா குழந்தையோடும் மருமகளோடும் பெரிய அறையில். கார்த்திக்கு சோபா.

"அப்பா, நீங்க மேல ஏறிப்பீங்க இல்ல?" என்றான் கார்த்தி. அறுபதைத் தாண்டியவனிடம் கேட்கிற கேள்வியா அது? ஏறினேன்.

முதல் நாள் விடியற்காலையில் சம்பந்தி வாய்விட்டு ஜெபம் செய்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. பெட்டியிலிருந்து மரகதாம்பிகை படத்தை எடுத்து ஜன்னல் ஓரம் வைத்துக் கற்பூரம் ஏற்றினேன். மேலே கூரையில் ஒட்டியிருந்த வெள்ளை வட்டம் ஒன்று தீயணைப்பு வண்டி போலக் கத்த ஆரம்பித்தது. குழந்தை அழுதது, பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கார்த்தி துண்டால் கூரையை விசிறினான். சம்பந்தி "ஆமென்" என்று மட்டும் முடித்துக்கொண்டார்.

பலகாரம் ஆனதும் சரோஜா எங்கள் இருவரின் கோட்டையும் எடுத்து வந்து வாசலில் நின்றாள். "ரெண்டு பேரும் அப்படியே கடல் பக்கம் போய்ட்டு வாங்க. இங்க குழந்தையக் குளிப்பாட்டணும், நடுவுல நடுவுல வந்து நிக்காதீங்க. ஒரே பேஜாரா இருக்குது."

ஆக, வெளியேற்றப்பட்டோம்.

என் ஊர்ப் பக்கத்தில் பெரிய தண்ணீர் என்றால் காவேரிப்பாக்கம் ஏரிதான். கடலை மெரினாவில் சில தடவை பார்த்ததோடு சரி. இங்கே கடல் வேறு மாதிரி. சாம்பல் நிறம். வெயில் அடிக்கிறது, சூடு இல்லை. கரை தட்டையாக இல்லாமல் செம்மண் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கிறது. அதன் விளிம்பில் ஒற்றையடிப் பாதை. விளிம்பு ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இடிந்து விழுகிறதாம். அதைப் பலகையில் எழுதிவைத்து, பலகையையும் தள்ளித் தள்ளி நட்டுக்கொண்டே வருகிறார்கள்.

சம்பந்தி முன்னால் நடந்தார், நான் பின்னால். ஷூ கம்பெனியில் மேல்தோலை அச்சின் மேல் இழுத்து ஒட்டும் செக்‌ஷனில் ஆயுளில் பாதியைக் கழித்தவன் நான். எதிரே வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்துவிடுவேன். நல்ல தோல், நல்ல தையல். எல்லோர் காலிலும் சேறு.

ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஓர் அம்மாள் விளிம்பில் நின்று கீழே கடற்கரையைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் ஜேன் என்று பிறகு தெரிந்தது. எங்களைப் பார்த்ததும், "இந்தப் பக்கம் ஒரு பில்பாக்ஸைப் பார்த்தீர்களா? போன குளிர்காலம் வரை இங்கேதான் இருந்தது" என்றார்.

சம்பந்தி வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் மருந்து ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவர் முகம் உடனே கடமை முகம் ஆகிவிட்டது. என் பக்கம் திரும்பி, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக நேரடியாகப் பேசினார்.

"சம்பந்தி, அந்தம்மா மாத்திரை டப்பாவைத் தொலைச்சிட்டாங்களாம். வயசானவங்க. சுகர் மாத்திரையா இருந்தா டேஞ்சர்."

இருவரும் குனிந்து புல்லில் தேட ஆரம்பித்தோம். முள்செடியை விலக்கினோம். ஒரு சாக்லேட் தாள் கிடைத்தது. சம்பந்தி தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "கலர் என்ன? பெரிய டப்பாவா, சின்ன டப்பாவா?" என்று கேட்டார்.

"நம் மூன்று பேரும் உள்ளே நிற்கலாம்" என்றார் அந்த அம்மாள்.

நாங்கள் நிமிர்ந்து நின்றோம்.

அவர் பொறுமையாகச் சொன்னார். உலக யுத்தத்தில் ஜெர்மன்காரன் கடல் வழியாக வந்து இறங்கிவிடுவான் என்று பயந்து, இந்தக் கரை நெடுகக் கெட்டிச் சுவரில் ஆறு பக்க அறைகள் கட்டினார்களாம். சுவரில் துப்பாக்கி நீட்டச் சின்னச் சந்துகள். பழைய காலத்து மாத்திரை டப்பா மாதிரி இருந்ததால் சிப்பாய்கள் அப்படிப் பேர் வைத்துவிட்டார்கள். ஜெர்மன்காரன் வரவேயில்லை. கடல்தான் வந்தது. மேட்டின் மேல் இருந்தவை ஒவ்வொன்றாகக் கீழே விழுந்து, சில உடைந்தன, சில மணலில் புதைந்தன. எது எங்கே போனது என்று கண்டுபிடிக்க இந்த ஊரில் ஒரு குழு இருக்கிறது. அவர் அதன் தலைவி.

"எதுக்குக் கண்டுபிடிக்கறாங்க?" என்று சம்பந்தி என்னிடம் கேட்டார்.

"தெரியல. தொலைஞ்சிடுச்சின்றதுக்காக இருக்கும்."

ஜேன் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். ஊரில் பகல் நேரத்தில் வேலை இல்லாமல் இருக்கும் ஆண்கள் அவருக்குத் தேவைப்பட்டார்கள் போலிருக்கிறது. அடுத்த நாள் பக்கத்து ஊர்க் கடற்கரையில் குழு கூடுகிறது, வாருங்கள் என்றார்.

மதியம் ஒரு கடையில் மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிச் சாப்பிட்டோம். மீன் எருமை நாக்கு அளவுக்குப் பெரியது. மாவுக் கோட்டு போட்டுப் பொரித்திருந்தார்கள். உப்பும் இல்லை, காரமும் இல்லை. மேலே தெளித்துக்கொள்ள வினிகர் வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் தோல் பதனிடுகிற இடத்தில் அடிக்கிற நெடியில் அதுவும் ஒரு வகை. நான் திகைத்து உட்கார்ந்திருந்தபோது சம்பந்தி கோட்டுப் பையிலிருந்து மாங்காய் ஊறுகாய் பாட்டிலை எடுத்தார். அவருக்குப் போட்டுக்கொண்டார். கொஞ்சம் யோசித்தார். பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

அடுத்த நாள் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். இங்கே எல்லோரும் மரியாதைக்காரர்கள் என்பதால் நாங்களும் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றோம். பஸ் வந்தது, எங்களைப் பார்த்தது, போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் அப்படியே. "கலர் பார்த்து நிறுத்த மாட்டேன்றானா?" என்று சம்பந்தி கொதித்தார். ஒரு பாட்டியம்மாள் வந்து கையை நீட்டினார். மூன்றாவது பஸ் குழந்தை மாதிரி நின்றது. கை காட்டினால்தான் நிற்குமாம். ஆம்பூர் பைபாஸில் கையைக் காட்டினாலும் நிற்காமல் போகிற பஸ்களைத்தான் எனக்குத் தெரியும். காட்டாததால் நிற்காத பஸ்ஸை அன்றுதான் பார்த்தேன்.

குழுவில் ஐந்தாறு பேர். ஆளுக்கொரு பிளாஸ்க், ஆளுக்கொரு இரும்புக் கம்பி. கம்பியை மணலில் குத்திக் குத்திப் பார்க்க வேண்டும். டக் என்று சத்தம் வந்தால் கத்த வேண்டும். எனக்குப் பாலாறு ஞாபகம் வந்தது. எங்கள் ஆற்றில் தண்ணீர் கிடையாது, மணலும் லாரி ஏறிப் போய்விட்டது. குத்திப் பார்க்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

சம்பந்தியின் கம்பிதான் முதலில் டக் என்றது. எல்லோரும் ஓடிவந்தார்கள். தோண்டினார்கள். கான்கிரீட் விளிம்பு தெரிந்தது. தாடிக்காரர் ஒருவர் மண்டியிட்டு அதைத் தடவி, "போர்க்காலக் கலவைதான், சந்தேகமே இல்லை" என்றார். ஜேனுக்குக் கண் கலங்கிவிட்டது. சம்பந்தியை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அவர் ஆஸ்பத்திரியில் ஓய்வுபெற்ற நாளில் நின்ற மாதிரி நின்றார்.

நாயோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். "அட, மேலே சுற்றுலாக்காரர்கள் தங்கும் இடம் இருந்ததே, அதன் கக்கூஸ் இது! சின்ன வயதில் நான் போயிருக்கிறேன்" என்றார்.

ஜேன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தாடிக்காரர், "அதுவும் வரலாறுதான்" என்று சொல்லி எல்லோருக்கும் டீ ஊற்றினார். சம்பந்தி திரும்பி வரும்போது பஸ்ஸில் வாய் திறக்கவில்லை. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் அவரும் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள்தான் வினை.

அன்று காலை வீட்டில் பெயர்ப் பேச்சு வந்துவிட்டது. குழந்தை பிறந்து மாதம் ஒன்று ஆகப்போகிறது, எல்லோரும் பாப்பா, பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். விரிஞ்சிபுரத்து அம்மன் பெயரான மரகதம் என்று வைக்க வேண்டும் என்பது என் ஆசை. கோயிலில் வேண்டியும் வந்திருந்தேன். அதைச் சொன்னேன். சம்பந்தி தட்டிலிருந்து எழுந்து கை கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஷீபா அடுப்பைப் பார்த்து நின்றாள். "மாமா, கொஞ்சம் அப்பா கூடப் போங்களேன். அவருக்கு வழி தெரியாது" என்றாள்.

எனக்கு மட்டும் தெரியுமா? போனேன்.

அவர் மேட்டிலிருந்து படி வழியாகக் கீழே இறங்கிக் கடற்கரையில் வேகமாக நடந்துகொண்டிருந்தார். கடல் வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. ஒரு மண்முனை நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி அவர் மறைந்தார். நான் சுற்றிப் போய்ப் பார்த்தபோது அவர் அசையாமல் நின்றிருந்தார்.

எதிரே பில்பாக்ஸ்.

ஒரு பக்கம் மணலில் அமிழ்ந்து, மறுபக்கம் தூக்கிக்கொண்டு கிடந்தது. சுவரில் பச்சைப் பாசி. துப்பாக்கி நீட்டும் சந்து வானத்தைக் குறி பார்த்தது. உள்ளே குனிந்து பார்த்தோம். பீர் டின்கள், நாறும் கடற்பாசி, யாரோ சுரண்டிவைத்த காதலர் பெயர்கள்.

"இது கக்கூஸ் இல்லியே?" என்றார் சம்பந்தி.

"ஆறு பக்கம் இருக்குதான்னு எண்ணுங்க."

அவர் ஒரு பக்கமாகச் சுற்ற, நான் மறுபக்கமாகச் சுற்ற, பாதி புதைந்திருந்ததால் ஆறா ஐந்தா என்று எங்களுக்குள் சண்டை வந்தது. சண்டை சுவாரஸ்யமாகப் போய்க்கொண்டிருந்தபோது, பின்வாங்கிய கடல் திரும்பி வந்து என் ஷூவை நனைத்தது. நாங்கள் வந்த முனையின் அடியில் அலை அடித்துக்கொண்டிருந்தது. மறுபக்க முனையிலும் அப்படியே. பின்னால் செங்குத்தான மண்சுவர். கால் வைத்தால் உதிர்ந்தது.

"சம்பந்தி, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டேன்.

"நீங்கதானே பாலாத்தாண்ட பொறந்தவரு!"

"பாலாத்துல நீச்சல் கத்துக்கணும்னா தண்ணிய லாரியில கொண்டாந்து ஊத்தணும்."

அவர் முட்டியைத் தள்ளி, என் தோளில் கால் வைக்கச் சொல்லி, எப்படியோ அவரைப் பில்பாக்ஸின் மேல் ஏற்றினேன். பிறகு அவர் என் கையைப் பிடித்து என்னை மேலே இழுத்தார். சாய்ந்த கூரையில் வழுக்காமல் இருக்க முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்தோம். போன் வீட்டு வைஃபையில் மட்டும்தான் வேலை செய்யும். இருவரும் "ஹெல்ப், ஹெல்ப்" என்று கத்தினோம். மேலே கடற்பறவைகள் பதிலுக்குக் கத்தின. தண்ணீர் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது. அவர் முதுகு நடுங்குவது என் முதுகில் தெரிந்தது.

"எங்க தாத்தா மெட்ராஸ்காரரு" என்றார் சம்பந்தி திடீரென்று. "இதே யுத்தத்துலதான், ஜப்பான்காரன் கடல் வழியா வந்து குண்டு போடுவான்னு பயந்து, குடும்பத்தோட வேலூருக்கு ஓடியாந்தாரு. கடலே இல்லாத ஊருதான் சேஃப்டின்னாராம். அப்படித்தான் நாங்க வேலூர்க்காரங்க ஆனோம். அவரு பேரன் நான், பாருங்க, எங்க வந்து குந்தியிருக்கேன்னு."

சிரித்தேன். அவரே தொடர்ந்தார்.

"என் சம்சாரம் ஸ்டெல்லா இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் வரணும்னு சொல்லிக்கினே இருப்பா. ஷீபா முழுகாம இருக்கான்ற சேதி வர்றதுக்கு முன்னாடியே போய்ட்டா. இங்க வந்து பேத்திய மொதல்ல மனசுல அவ பேரச் சொல்லித்தான் தூக்கினேன். கேக்க வாய் வரல. நீங்க அது சர்ச் பேருன்னு சொல்லிட்டா, அப்புறம் அவளையே வேணான்னு சொன்ன மாதிரி ஆயிடும் எனக்கு."

அவர் மனைவியை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். கோயில் கல்யாணத்தில் கணவரைக் காரில் விட்டுவிட்டு, தானாக இறங்கி வந்து, முன்வரிசையில் நின்று அட்சதை போட்டவர். அந்த முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பதில் சொல்ல வாயெடுத்தேன். ஒரு அலை வந்து இருவர் மடியையும் நனைத்தது. பதில் சொல்வதற்குப் பதிலாக முருகா என்றேன். அவரும் அதே நேரத்தில் ஏசுவே என்றார்.

யார் காதில் விழுந்ததோ, மேலே ஆரஞ்சுச் சட்டை தெரிந்தது. ஜேன்தான். இரண்டு கைகளையும் ஆட்டினார். எங்களைப் பார்த்து ஆட்டினாரா, எங்களுக்கு அடியில் இருந்ததைப் பார்த்து ஆட்டினாரா என்று இன்று வரை எனக்குச் சந்தேகம். பிறகு போனை எடுத்துப் பேசினார்.

ரப்பர் படகு வந்தது. அதில் வந்தவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் இல்லையாம். ஒருவர் மீன் கடைக்காரர், எங்களுக்கு வினிகர் கொடுத்தவர். எங்களைத் தூக்கிப் படகில் போட்டு, பளபளக்கும் வெள்ளித் தாளைச் சுற்றினார்கள். எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஆம்பூர் கடையில் கட்டித்தருகிற பிரியாணிப் பொட்டலம் மாதிரி இருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் ஷீபா தன் அப்பாவுக்கு நாடி பார்த்தாள், எனக்கும் பார்த்தாள், இரண்டும் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு பிடித்துக்கொண்டாள். "கைக்குழந்தையை வச்சிக்கினு உங்க ரெண்டு பேரையும் கடல்ல தேடணுமா நான்? ஏதாவது ஆகியிருந்தா?" அழுதாள். நாங்கள் தலையைக் குனிந்து டீ குடித்தோம்.

அழுகை ஓய்ந்ததும் தொண்டையைச் செருமினேன். படகிலேயே முடிவு செய்துவிட்டிருந்தேன். அம்மனிடம் நான் பேசிக்கொள்ளலாம். எழுந்து நின்று, கொஞ்சம் பெருந்தன்மையான குரலில்தான் சொன்னேன்.

"பாப்பாவுக்கு ஸ்டெல்லான்னே வச்சிடலாம். எனக்கு ஒண்ணும் இல்ல."

சம்பந்தி டீயைக் கீழே வைத்தார். "இல்ல, சம்பந்தி. வேண்டிக்கினு வந்திருக்கீங்க. மரகதம்னே இருக்கட்டும்" என்றார்.

கார்த்தி ஷீபாவைப் பார்த்தான். ஷீபா சரோஜாவைப் பார்த்தாள். சரோஜா குழந்தையின் சாக்ஸைச் சரிசெய்தாள்.

"அப்பா," என்றான் கார்த்தி, "பேர் வச்சாச்சு. நீங்க ரெண்டு பேரும் வர்றதுக்கு முன்னாடியே ஆபீஸ்ல பதிஞ்சிட்டோம். நிலான்னு."

"இன்னா?" என்றோம் நானும் சம்பந்தியும் ஒரே குரலில்.

"அப்போ எங்களை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியா?" இது சம்பந்தி.

"பெரியவங்கன்னு நாங்க எதுக்கு இருக்கோம்?" இது நான்.

"கேட்டிருந்தா சண்டை போட்டிருப்பீங்க" என்றாள் ஷீபா.

"நாங்களா?" என்றார் சம்பந்தி. அவர் முகத்தில் இருந்த ஆச்சரியம் பொய்யில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டில் நாங்கள் இருவரும் பிள்ளைகளிடம் பேசவில்லை. எங்களுக்குள் மட்டும் பேசிக்கொண்டோம்.

மறுநாள் ஜேன் எங்களைக் கூட்டிப்போக வந்தார். குழு முழுக்கப் படை திரட்டி நின்றது. கடல் இறங்கியதும் முனையைச் சுற்றிப் போனோம். அங்கே மணல் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. மண்சுவரின் ஒரு துண்டு ராத்திரி இடிந்து விழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டிருந்தது. நான் இங்கே என்றேன். சம்பந்தி இல்லை, அங்கே என்றார். கம்பிகள் எங்கேயும் டக் என்று சொல்லவில்லை. எங்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நினைப்பார்களோ என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. ஜேன் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. "நான் மேலிருந்துதான் பார்த்தேன். தொட்டுப் பார்த்தது நீங்கள் இரண்டு பேர் மட்டும்தான்" என்றார் பொறாமையோடு. "எத்தனை பக்கம் இருந்தது?"

"ஆறு" என்றேன் நான்.

"ஆறு" என்றார் சம்பந்தி. முந்தைய நாள் ஐந்து என்று அடித்துச் சொன்னவர் அவர்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய சாயங்காலம். சரோஜாவும் ஷீபாவும் சமையலறையில் இருந்தார்கள். கார்த்தி பெட்டிகளை எடை போட்டுக்கொண்டிருந்தான். எங்கள் அறைக்குப் போனேன். கீழ்க் கட்டிலில் சம்பந்தி குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை. குனிந்து, "ஸ்டெல்லா... ஏ ஸ்டெல்லா..." என்று கூப்பிட்டார். குழந்தை அவர் மூக்கைப் பிடித்தது.

கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மெதுவா கூப்பிடுங்க, சம்பந்தி" என்றேன். "உள்ள இருக்கறவங்க காதுல விழுந்துடப் போவுது. முடிச்சிட்டுக் குடுங்க, நானும் ஒரு தடவ மரகதம்னு கூப்டுக்கறேன்."